மட்டையோடு ஓடியவர்

சட்டைக்கு இஸ்திரி போட்டது நான்தான். டை கட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் புருஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு இவள் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். பழி இரண்டு பேர் மேலும் இருக்கிறது. என் பங்கு கொஞ்சம் கூடுதல்.

தொண்ணூறுகளின் நடுவில் திருச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு பெரிய ஆலையில் பதினாலு வருஷம் இன்ஜினியராக இருந்தவர். அந்தப் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பாயின்ட் போட்டுத்தான் இந்த நாட்டுக்காரர்கள் விசா கொடுத்தார்கள். வந்து இறங்கியதும் அதே படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து, உள்ளூர் அனுபவம் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். விசாவுக்கு ஃபுல் மார்க், வேலைக்கு முட்டை மார்க். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியில் மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்கு ஷெட்டில் வேலை கிடைத்தது. விமானத்தில் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்து, அடுக்கி, லாரியில் ஏற்றும் வேலை. பதினாலு வருஷம் பேனா பிடித்த கை. முதல் மாசம் விரல் மடங்காமல் கரண்டியால் சோறு சாப்பிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த ஷெட்டின் ஒரு மூலையில், நாலு படி ஏறிப் போகிற மாதிரி ஒரு கண்ணாடி அறை இருந்தது. சூப்பர்வைசர் உட்காரும் அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி. அவ்வளவுதான். ஆனால் த்ரீ கிங்ஸ் என்ற பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அந்த அறையைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. அதில் இருந்த கிழவர் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்ததும் இவர் மனு எழுதிப் போட்டார். சும்மா மனு இல்லை. பெட்டிகளை எப்படி அடுக்கினால் ஒரு லாரியில் இன்னும் கூடுதலாக ஏற்றலாம் என்று படம் வரைந்து, அளவு குறித்து, நாலு பக்கம் சேர்த்துக் கொடுத்தார். மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்றாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாசம் ஓட்டினோம்.

ஜனவரி கடைசியில் மேனேஜர் இவரைக் கூப்பிட்டார். வைத்தாங்கி நாளன்று ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போய் சாஃப்ட்பால் ஆடுவோம், நீயும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வா, உன்னிடம் கொஞ்சம் பேசவும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

வைத்தாங்கி நாள் என்பது பிப்ரவரி ஆறு. இங்கே அது நல்ல கோடை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் ஆங்கிலேய ராணியின் ஆட்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாள் என்று நாடு முழுக்க விடுமுறை விடுவார்கள். சாஃப்ட்பால் என்பது அமெரிக்காக்காரர்களின் பேஸ்பாலுக்குத் தங்கச்சி மாதிரி. பந்து கொஞ்சம் பெரிசு, கையைத் தாழ்த்தி வீசுவார்கள். இது எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. பேசவும் வேண்டும் என்றது மட்டும் ஏறியது.

"இன்டர்வியூதான் இது" என்றார் இவர். "ஷெட்டுல வச்சுக் கேட்டா மத்தவன் ஒரு மாதிரி பாப்பான்னு வெளியில வச்சிருக்காரு. ஃபேமிலியோட வரச் சொல்றாருன்னா என்ன அர்த்தம்? ஆளு எப்படி, குடும்பம் எப்படின்னு பாக்கத்தான்."

"அப்ப டை கட்டிட்டுப் போங்க" என்றேன்.

"கிரவுண்டுக்கா?"

"ஆடுறவங்க ட்ரவுசர் போட்டுக்கட்டும். நீங்க ஆடவா போறீங்க?"

சொன்னபடியே கட்டிக்கொண்டார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், கல்யாணத்துக்குப் போடுகிற ஷூ. அதோடு அந்த ஃபைல். ஜிப் வைத்த கறுப்பு ஃபைல். டிகிரி, மார்க் ஷீட், ஆலையில் கொடுத்த அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றையும் திருச்சியிலேயே லேமினேட் போட்டு வைத்திருந்தோம். பாஸ்போர்ட்டைக்கூட இவர் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார். அந்த ஃபைல் மட்டும் எப்போதும் இருக்கும் இடத்தில் இருக்கும்.

நான் என் பங்குக்குக் கொடி செய்தேன். நமக்கு ஆகஸ்ட் பதினைந்து என்றால் சட்டையில் ஒரு காகிதக் கொடியைக் குத்தி, கையில் ஒரு மிட்டாயைக் கொடுப்பார்கள். ஒரு நாட்டின் நாள் என்றால் எனக்கு அதுதான் தெரியும். ஒன்பது வயசு மகளை உட்கார வைத்து, இந்த நாட்டின் நீலக் கொடியை, மூலையில் இருக்கும் ஆங்கிலேயக் கொடியும் பக்கத்தில் இருக்கும் சிவப்பு நட்சத்திரங்களும் விட்டுப்போகாமல், கலர் பென்சிலால் குட்டி குட்டியாக வரையச் சொன்னேன். மூணு நாள் வரைந்தாள். ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய கொடியும் குண்டூசியும். நம் குடும்பம் இந்த நாட்டை எவ்வளவு மதிக்கிறது என்று மேனேஜர் பார்க்கட்டும் என்று எனக்கு எண்ணம். இன்னொரு டப்பாவில் கேசரி.

மைதானத்தில் போய் இறங்கியதுமே என் முகம் சுருங்கிவிட்டது. எல்லாரும் ட்ரவுசரும் பனியனும், பாதிப் பேர் காலில் செருப்புக்கூட இல்லை. ஒருவர் கையில் பீர், இன்னொருவர் கையில் சாசேஜ். நடுவில் நாங்கள் மூணு பேர், ஃபோட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்த மாதிரி. மேனேஜர் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, வந்துவிட்டாயா, ஆட்டம் முடிந்ததும் பேசுவோம் என்றார். இவருக்கு அது போதும். காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ஃபைலைத் திறந்து வைத்து, கேட்கப்போகிற கேள்விக்கெல்லாம் பதில் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டம் ஆரம்பித்ததை அவர் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, நாலு மூலையையும் ஒரே பக்கமாகச் சுற்றி ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்று பத்து நிமிஷத்தில் புரிந்தது. போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் ஆடப் போவதில்லையே.

மகள் கொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது சாசேஜ் சுடுகிற இடத்துக்கு. அங்கே நின்றவர் ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், மாவோரிக்காரர், பனைமரம் மாதிரி ஆள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தினமும் காலையில் வாசலில் வந்து ஹார்ன் அடித்து இவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான். இந்த ஊரில் எங்களுக்கென்று இருந்த ஒரே மனுஷர்.

அவர் இடுக்கியை வைத்துவிட்டு, மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கொடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப அழகாக வரைந்திருக்கிறாய், ஆனால் இன்றைக்கு நான் இதைக் குத்திக்கொள்ள மாட்டேன் கண்ணு என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், அதோ விமானம் இறங்குகிற இடமெல்லாம் என் தாத்தாவுடைய ஆட்களின் நிலம், இந்தக் கொடி வந்த பிறகுதான் அது கைவிட்டுப் போனது என்றார். கொடியை மடக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் காது சுட்டது. வெள்ளைக்காரர் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு இன்னொருவர் வீட்டுத் துக்கத்துக்கு மிட்டாய் கொடுக்கப் போயிருக்கிறேன். சரி, மற்றவர்களாவது வாங்கினார்களா என்றால், மேனேஜரின் மனைவி, நாங்கள் இதெல்லாம் செய்கிற பழக்கமில்லை என்று சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம். மகள் என் பக்கத்தில் வந்து, டப்பாவை என் காலடியில் டக்கென்று வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னாள்: நான் இனிமேல் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

நான் என் சட்டைக் கொடியைப் பிடுங்கி டப்பாவில் போட்டேன். குண்டூசி கட்டை விரலில் ஏறியது.

அப்போதுதான் ஆட்டக்காரர் ஒருவர் கால் சுளுக்கி உட்கார்ந்தார். ஆள் ஒன்று குறைகிறது. மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். காரில் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்துக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். இவர் ஃபைலை மூடிவிட்டு ஓடோடி வந்தார்.

"ஆடணுமாம்" என்றார் என்னைத் தாண்டிப் போகும்போது. முகம் பளிச்சென்று இருந்தது. "நான் காலேஜ்ல ஓப்பனிங் பேட்ஸ்மேன்னு இவங்களுக்குத் தெரியாது."

"ஏங்க, இதுல ஓடுறது வேற மாதிரி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார்.

டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நின்றார். முதல் பந்தை விட்டார். இரண்டாவது பந்தை அடித்தார் பாருங்கள், அதை நான் மறக்க மாட்டேன். பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், தூரத்து மரத்தடியில் விழுந்தது. மைதானமே எழுந்து நின்றது. மேனேஜர் வாயைப் பிளந்தார். நானும் எழுந்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் கண்ணாடி அறை எங்களுடையதுதான்.

இவர் ஓடினார். மட்டையைக் கீழே போடவில்லை. மட்டையோடு ஓடினார். முதல் மூலைக்குப் போனதும் குனிந்து அந்த வெள்ளைத் திண்டின் மேல் மட்டையை வைத்துத் தேய்த்தார். அங்கிருந்து அடுத்த மூலைக்குப் போக வேண்டியவர், திரும்பி, வந்த வழியே ஓடிவர ஆரம்பித்தார். இரண்டாவது ரன் எடுக்கிறார்.

எல்லாரும் கையை வீசி, அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று கத்தினார்கள். அதே நேரம் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாய்கள் திறந்து மூடுவதும் கைகள் ஆடுவதும்தான் தெரிந்தன. இவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார். கல்யாண ஷூ புல்லில் வழுக்க, டை முகத்தில் அடிக்க, கிளம்பின இடத்துக்கே வந்து, மட்டையை நீட்டிக் கோட்டில் ஊன்றினார். அங்கே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஆள் பந்தோடு தயாராக நின்றுகொண்டிருந்தான். குழந்தையைத் தொடுகிற மாதிரி இவர் தோளில் பந்தால் மெதுவாகத் தொட்டான். அவுட்.

விமானம் போய்ச் சத்தம் அடங்கிவிட்டது. இவர் மட்டையின் நுனியைக் காட்டி, நான் உள்ளே வந்துவிட்டேன், வந்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது. அப்புறம் சிரிப்பு. கிரிக்கெட் தெரிந்த நாடுதானே, என்ன நடந்தது என்று எல்லாருக்கும் புரிந்தது. தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவர் முதலில் புரியாமல் மட்டையை உயர்த்திக் காட்டினார், ஐம்பது ரன் அடித்தவர் காட்டுகிற மாதிரி.

நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கூச்சமெல்லாம் அந்த மட்டையைப் பார்த்ததும் சிரிப்பாக வெளியே கொட்டியது. அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என்னைப் பார்த்தார். என் வாய் திறந்திருந்தது. மட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஆட்டம் முடிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கேசரி டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனேன். இடம் இல்லை. ஒரு பெரிய தட்டின் மேல் துணி மூடியிருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று துணியைத் தூக்கினேன்.

கேக். கடையில் செய்த கேக். மேலே நீல ஐசிங்கில் எழுதியிருந்தது: எங்கள் புதிய சூப்பர்வைசருக்கு வாழ்த்துகள். அதன் கீழே ஒரு பெயர். என் வீட்டுக்காரர் பெயர் இல்லை.

மகள் என் இடுப்புப் பக்கம் நின்று அதை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தாள். "அம்மா" என்றாள். தமிழில் சொன்னதே பெரிசு.

ஃபோர்க்லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்து துணியை மூடினார். அதை மூணு மணிக்குத்தான் வெட்டுவோம் என்று சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். சிவப்புத் தொப்பிக்காரனைக் கண்ணால் காட்டினார். மேனேஜரும் அவனும் ஒரே கிளப்பில் பத்து வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறவர்களாம். இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது, உன் வீட்டுக்காரரிடம் மேனேஜர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன் என்றார். இரண்டு வாரம். அதாவது நான் கொடி வெட்டுவதற்கு முன்னால். இவரைக் குடும்பத்தோடு வரச் சொல்வதற்கும் முன்னால்.

தயவுசெய்து அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்றேன். எதற்காக அப்படிக் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் மனசில்லாமல் தலையாட்டினார்.

திரும்பிப் பார்த்தால் இவர் காரிலிருந்து ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முகத்தைக் கழுவி, தலையை வாரி, டையை நேராக்கியிருந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இப்ப வேணாங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

"தள்ளு."

"சொன்னா கேளுங்க. இன்னொரு நாள் பேசிக்கலாம்."

"நீ சிரிச்ச வரைக்கும் போதும்" என்றார். "இதையாவது ஒழுங்கா பேசிட்டு வர்றேன்."

அதற்குப் பிறகு நான் எந்த வாயால் தடுப்பது? அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். விலகி நின்றேன். 

மேனேஜர் தன் வண்டியின் பின் கதவைத் திறந்து வைத்து அதில் உட்கார்ந்திருந்தார். இவர் முன்னால் நின்று ஃபைலைத் திறந்து ஒவ்வொரு சான்றிதழாக எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் ஒன்றைக் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், ஏதோ சொன்னார். இவர் அடுத்ததைக் கொடுத்தார். அந்த ஆள் வாங்காமல் இவர் தோளில் தட்டினார். அப்புறம் நிறைய பேசினார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்றா சரி என்றா தெரியாத மாதிரி நாம் ஆட்டுவோமே, அப்படி.

காருக்கு வந்ததும் ஃபைலைப் பின் சீட்டில் போட்டார். "இந்தத் தடவை இல்லையாம்" என்றார். "பசங்க எல்லாருக்கும் என்னைப் பிடிக்குமாம். புதுசா வர்றவருக்கு நான்தான் எல்லாம் சொல்லிக் குடுக்கணுமாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமாம்."

கிளம்பலாம் என்றால் எங்கள் காருக்குப் பின்னால் இன்னொரு காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, டையைக்கூடத் தளர்த்தாமல். மேசைப் பக்கம் கூட்டம் கூடியது. கை தட்டினார்கள். மூணு முறை ஓவென்று கத்தினார்கள்.

"எதுக்குக் கத்துறாங்க?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு அவங்க நாள் இல்லையா" என்றேன். "கேக் வெட்டுறாங்க."

"நம்ம ஊர்ல மிட்டாய் குடுப்பாங்களே, அது மாதிரியா?"

"ஆமாங்க. அது மாதிரிதான்."

கொஞ்ச நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரர் வந்தார். காரை எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றார். ஜன்னல் வழியாக மகளுக்கென்று காகிதத்தில் ஒரு துண்டு கேக்கை நீட்டினார். பாவம், குழந்தைக்கு இல்லாமல் போகக் கூடாது என்று கொண்டுவந்திருக்கிறார். அந்தத் துண்டின் மேல் பெயரின் முதல் எழுத்து முழுசாக இருந்தது. நான் முந்திக்கொண்டு வாங்கி, விரலால் ஐசிங்கை வழித்து என் வாயில் போட்டுக்கொண்டு, வெறும் கேக்கைப் பின்னால் மகளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தொடவில்லை. வீட்டுக்குப் போனதும் ஃபைலைத் திறந்து பார்த்தேன். டிகிரி சர்ட்டிஃபிகேட் மேல் தக்காளி சாஸ் கட்டைவிரல் பதிந்திருந்தது. லேமினேட் போட்டது நல்லதாகப் போயிற்று. துடைத்தால் போய்விட்டது.

மறுநாள் வேலைக்குப் போனபோதுதான் சிவப்புத் தொப்பிக்காரன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பதை இவர் பார்த்தார். சாயங்காலம் வந்து தீர்ப்புச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நேத்து அவன் பந்தோட நின்னான், நான் மட்டையோட நின்னேன். மேனேஜர் பாத்தான், முடிவு பண்ணிட்டான். ஊரே சிரிக்கிற ஆளை எப்படி மேல உக்கார வைப்பான்? கட்டுன பொண்டாட்டியே சிரிக்கிறா."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் எப்படி ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனுஷர் முகத்தில் ஒரு பிடிமானம் இருந்தது. தான் போட்டியில் இருந்து தோற்றவர் என்று நம்பினார். போட்டியிலேயே சேர்க்கப்படாதவர் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்த நாலு பக்கப் படத்தை யாரும் படித்திருக்கக்கூட மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வேன்? என்னைத் திட்டி அவருக்கு ஆறுமானால் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அதை நல்ல மனசு என்று நினைத்தேன். சோம்பேறித்தனமான மனசு அது.

ஏனென்றால் அவர் சும்மா இருக்கவில்லை. தோற்றதற்குக் காரணம் ஓட்டம் என்றால், ஓடக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? வேறு இடத்தில் மனு போடுங்கள் என்றேன். "இங்க ஜெயிச்சுட்டுத்தான் வேற இடம்" என்றார். ஒரு தோல் கையுறை வாங்கினார். நூலகத்திலிருந்து சாஃப்ட்பால் விதிகள் புத்தகம் எடுத்து வந்து பாடம் படிக்கிற மாதிரி கோடு போட்டுப் படித்தார். சனிக்கிழமைகளில் வீட்டுப் பின்னால், துணி காயப்போடுகிற சுற்றுக் கம்பிதான் முதல் மூலை. மகள் பந்து வீசுவாள். இவர் அடிப்பார், மட்டையைக் கீழே போடுவார், கம்பியைத் தொடுவார், இடது பக்கம் திரும்புவார். "போடு, ஓடு, திரும்பாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நாற்பத்தி மூணு வயசு இன்ஜினியர். சமையலறை ஜன்னலில் நின்று நான் பார்ப்பேன். ஒரு தடவைகூட சிரிக்கவில்லை. 

மகளிடம் யாருக்கும் சொல்லக்கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருக்கவில்லை. அவளாகவே சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பந்தை மூலையில் எறிந்துவிட்டு உள்ளே வந்து, அப்பாவிடம் சொல்லிவிடேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, போய் வீசு என்றேன். முறைத்துவிட்டுப் போய் வீசினாள்.

மறு வருஷமும் பிப்ரவரி ஆறு வந்தது. அதே மைதானம். இந்தத் தடவை கொடி இல்லை, கேசரி இல்லை, டை இல்லை. இவர் ட்ரவுசர் போட்டிருந்தார். ஃபைல் வீட்டில் இருந்தது. ஆறாவது ஆளாக மட்டை பிடித்தார். அடித்தார். போன வருஷத்து அடியில் பாதி தூரம்கூட இல்லை, ஆனால் ஆட்களுக்கு நடுவில் சரியாகப் போனது. மட்டையைக் கீழே போட்டார். முதல் மூலை, இடது பக்கம், இரண்டாவது, மூணாவது, தொப்பை குலுங்க, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கிளம்பின இடத்துக்கு வந்து சேர்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணாடி அறைக்காரன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். மேனேஜர் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார், பிறகு பீரைக் குடித்தார்.

இவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக என் வாயைத்தான் பார்த்தார். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். முழங்காலில் மண். தண்ணீரைக் கொடுத்தேன். பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருஷமே இப்படி ஓடியிருந்தா" என்றார், "அந்த வேலை நம்மளுதுதான். இல்ல?"

மகள் தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன்.